அய்யாவு மென்ற அரிசி

செய்தி நடந்து வந்தது. சுங்கை பட்டாணி ரயிலடியிலிருந்து புக்கிட் செலம்பாவ் வரை, அங்கிருந்து நம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசல் வரை, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தது. முனியன். ரயில் பாதை போட ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துப்போனவர்களில், சண்டை முடிந்து நம் லயத்து வீடுகளுக்குத் திரும்பிய மூன்றாவது ஆள். அவன் காலில் சுற்றியிருந்த சாக்குத் துணியை நான் பிரித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல அவன் சொன்னான்.

"அய்யாவு அண்ணே போயிட்டாரு டாக்டரு. தெரியும்ல?"

தெரியாது என்றேன்.

"போயி ரொம்ப நாளாச்சுலா. மழைக்காலத்துல. நான்தான் தூக்கிப் போட்டேன். நானும் இன்னொருத்தனும்."

எங்கே என்று கேட்கவில்லை. புண்ணைக் கழுவினேன். கை தன் வேலையைச் செய்தது.

செய்தி வந்த நாளையே இறந்த நாளாக வைத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம் நடக்கிறது. அங்கே வாசிக்க நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார், தோட்டத்துக் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி. எப்படி எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். "ஒரு தப்பு நடந்துபோச்சு. அத ஒரு வரியில தொட்டுட்டு, நல்லத எழுதுங்க தம்பி. செத்தவன்மேல என்ன கோவம்."

அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்ற பக்கங்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

அய்யாவு நம் தோட்டத்து ஆஸ்பத்திரியின் சமையல்காரர். உங்களில் பலர் அவர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள். அவர் உத்தமர் என்று நான் எழுதப் போவதில்லை. கள் குடிப்பார். சீட்டு விளையாடினால் ஏமாற்றுவார்; பிடிபட்டால், பிடித்தவனை மெச்சுவார். நோயாளிகளுக்கு வரும் சர்க்கரையில் ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, "உப்பா சர்க்கரையான்னு பாத்தேன்" என்பார். ஒரு விரல். அதற்கு மேல் அவர் எடுத்து நான் பார்த்ததில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடினார். டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசரும் ஒரு சைக்கிளில் தெற்கே போனார், திரும்பவில்லை. நான் சிங்கப்பூரில் இரண்டு வருஷம் மருத்துவம் படித்து, கல்லூரி மூடியதும் வீட்டுக்கு வந்திருந்தேன். என் தகப்பனார் இங்கே சின்னக் கிராணியாக இருந்தவர். ஆஸ்பத்திரியை என்னிடம் கொடுத்தார்கள். முதல் நாளே அய்யாவு கேட்டார்.

"படிப்பு எத்தன வருசம் தம்பி?"

"ஆறு."

"முடிச்சது?"

"ரெண்டு."

"கால் டாக்டருக்குக் கொஞ்சம் மேல." விரல் விட்டு எண்ணினார். "சரி, அரை டாக்டர்னே வச்சுக்குவோம். போனாப் போவுது."

அந்தப் பெயர் லயம் முழுக்கப் பரவியது. எனக்குக் கோபம் வந்தது. இன்று அது மரியாதையாகத் தெரிகிறது. அரை என்பது தாராளமான கணக்கு.

அரிசி நின்று மரவள்ளி வந்தது. மரவள்ளிக் கஞ்சி, மரவள்ளி ரொட்டி, மறுபடியும் மரவள்ளிக் கஞ்சி. சீதபேதி வந்தவர்கள் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போதுதான் அய்யாவு தன் வேலையை ஆரம்பித்தார். கஞ்சி வாளியைக் கீழே வைத்துவிட்டு, கட்டில்களுக்கு நடுவில் காலி அகப்பையோடு நிற்பார்.

"இந்தா, சட்டி காஞ்சிருச்சு. எண்ணெய் ஊத்துறேன். நெத்திலியப் போடுறேன், கேக்குதா, சடசடன்னு? வெங்காயம். மொளகா. இப்பப் புளி கரைச்சு ஊத்துறேன். கெட்டிப் புளி... யேய், மூணாங்கட்டில் பெரியவரே, வாய மூடு. ஒழுகுது."

வார்டில் சிரிப்பு எழும். தொண்டைகள் ஏறி இறங்கும். அந்த நேரம் பார்த்துக் கஞ்சியை ஊற்றுவார். குடித்துவிடுவார்கள். ஏன் இந்தக் கூத்து என்று ஒருநாள் கேட்டேன்.

"காஞ்ச வாயில ஊத்துனா அது மருந்து தம்பி. ஊறுன வாயில ஊத்துனாதான் சாப்பாடு."

அவருக்கு என் படிப்பைக் காட்ட ஆசைப்பட்டேன். மூளையின் அடித்தண்டில் சிறு நரம்பணுக் கூட்டங்கள் சில இருக்கின்றன என்றேன். எச்சில் ஊறுவது அவற்றின் பொறுப்பு. மேலே இருப்பது தாடைக்கும் நாக்குக்கும் அடியில் உள்ள சுரப்பிகளைப் பார்த்துக்கொள்கிறது. கீழே இருப்பது காதுக்கு முன்னால் உள்ள சுரப்பியை. நாக்கில் புளி பட்டால் அவற்றுக்குச் செய்தி போகும். மணம் வந்தாலும் போகும். ஒன்றுமே படாமல், புளியை நினைத்தாலும் மேல்மூளையிலிருந்து செய்தி இறங்கும். அவை நரம்பு வழியாகச் சுரப்பியைக் கூப்பிடும், தண்ணீர் வரும். நம் உத்தரவை அவை எதிர்பார்ப்பதில்லை. முதுகுத்தண்டின் மேற்பகுதியிலிருந்து கழுத்து வழியாக ஏறும் நரம்பு ஒன்றும் உண்டு. அது தருவது கொஞ்சம், கெட்டியாக. பயம் வந்தால் மேலேயிருந்து ஒரு தடை இறங்கி அந்த அணுக்கூட்டங்களை அடக்கிவிடும். வாய் காயும்.

அகப்பையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப இல்லாத கொழம்புக்கு உள்ள இவ்வளவு பேரு வேல செய்யறானுங்களா?"

"ஆமாம்."

"மூளைக்கு வெக்கமே இல்லலா. சோறே வைக்கல, எலயத் தொடைக்கிது."

என் பாடப் புத்தகத்தில் இதைவிடத் தெளிவான வரி இல்லை.

ஆஸ்பத்திரி மருந்துகளை ஜப்பான்காரர்கள் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். எதையாவது மறைத்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டும் போனார்கள். குருண் ஊரில் ஒருவருக்கு அது நடந்தது. அவர் பெயரை எழுதவில்லை. அவர் வீட்டார் இருக்கிறார்கள். ஆனாலும் நான் ஒரு பாட்டிலை மறைத்தேன். பெல்லடோனா. குடலைப் பிடித்து முறுக்கும் வலியைத் தளர்த்தும் மருந்து. வார்டில் பாதிப் பேருக்கு அந்த வலி இருந்தது. குசினியில் விறகுக்குப் பின்னால் அதற்கு இடம் கண்டுபிடித்தவர் அய்யாவு. பாட்டிலைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டை அரிசி காணாமல் போனது. காவலுக்கு இருந்த சிப்பாய்களுக்கான அரிசி. அதிகாரி வந்து பெரிய கிராணியிடம் ஒரு நாள் தவணை கொடுத்தார். திருடனைக் காட்டாவிட்டால் முதல் லயத்து ஆண்கள் மொத்தமும் சயாம் ரயிலுக்கு. கிராணி பேரேட்டைத் திறந்து முதல் லயத்துப் பெயர்களைத் திரும்பத் திரும்ப எண்ணியதை நான் பார்த்தேன். அவர் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் பயந்தவர்.

வழி சொன்னவர் கங்காணி. ஊரில் செய்வதுதான் என்றார். சாமிக்குக் கற்பூரம் காட்டி, ஆளுக்கொரு பிடி பச்சரிசி கொடுத்து மெல்லச் சொல்வது. இலையில் துப்பச் சொல்வது. திருடன் துப்பிய அரிசி நனைந்திருக்காது.

கிராணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவரு. இதுல உண்மை இருக்கா? இல்ல பட்டிக்காட்டுப் பேச்சா?"

இந்த இடத்தில் நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பயம் வேறு, குற்றம் வேறு, துப்பாக்கிக்கு முன்னால் எவன் வாயும் காயும் என்று சொல்லியிருக்கலாம். இவை எனக்குத் தெரியும். ஆனால் என்னைக் கேட்டார்கள். இரண்டு வருஷப் படிப்பை முதல்முறையாக ஒரு பெரிய மனிதர் கேட்டார். மூளை, அடித்தண்டு, நரம்பு, சுரப்பி எல்லாவற்றையும் சொன்னேன். "பயந்தவன் வாய் வறளும். அது உடலின் விதி" என்று முடித்தேன். அழகாக முடித்ததாக அப்போது நினைத்தேன்.

"அப்ப சயின்சே சொல்லுது," என்றார் கிராணி. பேரேட்டை மூடினார்.

மறுநாள் காலை அய்யாவுக்கு வயிறு முறுக்கியது. குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். விறகுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்தேன். அளக்கும் கிளாஸ் உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கண்ணளவாக ஊற்றினேன். கொஞ்சம் கூடிவிட்டது. பெல்லடோனா குடலைத் தளர்த்துகிற அதே வேலையில் வாயை உலர்த்தும், கண்மணியை விரிக்கும். இது முதல் வருஷப் பாடம். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் அன்று என்ன நடக்கப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நம்புவது உங்கள் விருப்பம்.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்து சொன்னார். "வயிறு விட்டுருச்சு. ஆனா என்ன மருந்துடா இது, நாக்கு செருப்புத் தோலாட்டம் ஆயிப்போச்சு." நான் சிரித்தேன். அப்போதும் தோன்றவில்லை. மணி அடித்தது. இருவரும் களத்துக்கு நடந்தோம்.

உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். நினைவிருக்கும். ஸ்டோருக்குள் போக வேலையுள்ள பதினோரு பேரை வரிசையில் நிறுத்தினார்கள். எனக்கும் ஸ்டோரில் வேலை உண்டு. ஆனால் என்னை நிறுத்தவில்லை. நான் கிராணியின் பக்கத்தில், நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். விதியைச் சொன்னவன்.

வரிசையில் நின்ற யாரும் பல மாதங்களாக அரிசியைக் கண்ணால் பார்க்கவில்லை. கங்காணி முறத்தில் கொண்டுவந்தார். முதல் ஆள் மென்றார். விழுங்கிவிட்டார்.

"துப்புடான்னா!"

"போச்சு கங்காணி. உள்ள போயிருச்சு."

இரண்டாவது ஆளும் விழுங்கினார். "இன்னொரு பிடி குடுங்க, இந்தத் தடவ கட்டாயம் துப்புறேன்" என்றார். களமே சிரித்தது. துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய்கூட என்ன என்று தெரியாமல் சிரித்தான்.

"இது என்ன கல்யாணப் பந்தியாடா?" என்று கிராணி கத்தினார்.

மறுபடியும் கொடுத்தார்கள். இம்முறை துப்பினார்கள். எல்லாம் ஈரம். மாவாகக் குழைந்து, இலையில் ஒட்டி, நூல் விட்டது. என் விதி என் கண் முன்னால் பொய்யானது. அவர்கள் எல்லோரும் பயந்திருந்தார்கள். அரிசி அந்தப் பயத்தைத் தாண்டி வாயை ஊற வைத்தது. இதை அய்யாவிடம் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

ஏழாவது ஆள் அவர். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். வெகுநேரம் மென்றார். துப்பினார். வெள்ளைத் தூள். காற்றில் கொஞ்சம் பறந்தது.

சிரிப்பு நின்றது.

"வாய் காஞ்சவன்லாம் திருடன்னா, ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவன் பூராத் திருடந்தான் கிராணியாரே," என்றார் அய்யாவு.

"அவனுங்களுக்குக் காய்ச்சல். ஒனக்கு ஏன்டா காஞ்சுது? காரணம் இருந்தா சொல்லு."

அய்யாவு என்னைப் பார்த்தார். அவர் கண்மணி கண் முழுவதும் விரிந்து கறுத்திருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் சேர்ந்தது. மருந்து சுரப்பியின் காதை அடைத்திருந்தது. அவர் மூளை கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். நரம்பும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். அரிசியைக் கண்ட மூளை, அதுவும் அவருடைய மூளை, கூப்பிடாமல் இருக்குமா? கேட்கத்தான் ஆள் இல்லை.

"நான் மருந்து கொடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். என்ன மருந்து என்பார்கள். எங்கே இருந்தது என்பார்கள். குருண்காரரின் முகம் எனக்கு முன்னால் வந்தது. வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அன்று அந்தக் களத்தில் பயத்தால் காய்ந்த வாய் ஒன்றே ஒன்று. அதற்கு யாரும் அரிசி கொடுக்கவில்லை.

அவர் காத்திருந்தார். பத்து வரை எண்ணலாம், அவ்வளவு நேரம். அவர் சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொன்னால் போதும். பிறகு கிராணியைப் பார்த்துச் சொன்னார்.

"காரணம் ஒண்ணும் இல்ல."

அடித்தார்கள். அது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை லாரி வந்தது. ஒரு டின்னில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கிக் குடித்தார். உதடு வீங்கியிருந்தது. மருந்தின் வேகம் இறங்கியிருந்தது. லாரியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, என் காலடியில் செம்மண்ணில் காறித் துப்பினார். நல்ல ஈரமான எச்சில்.

"பாத்தியா அரை டாக்டரு," என்றார் எல்லோருக்கும் கேட்க. "இப்ப ஊறுது."

கூட இருந்தவர்கள் அவர் என்னைத் திட்டுவதாக நினைத்தார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள். டின்னைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "பாட்டில எடம் மாத்தி வையி. புது சமையக்காரன் வெறகு எடுப்பான்."

பாட்டில் அதன்பின் ஐந்து மாதம் வந்தது. அதனால் எத்தனை பேருக்கு வலி குறைந்தது என்று சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். மருந்து தீர்ந்தது. தேறுதலும் அதோடு தீர்ந்தது.

முனியன் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே மீதியைக் கேட்டேன்.

"அங்கயும் சமையல்தான் டாக்டரு. வாயால. சாயங்காலம் ஆனா சுத்தி ஒக்காந்துக்குவோம். மீன் கொழம்பு வைப்பாரு, ரசம் வைப்பாரு. ஒரு ஜப்பான்காரன்கூட வந்து நிப்பான். அவனுக்குப் பாஷ புரியாது. ஆனா எச்சி முழுங்குவான்."

"நிஜக் குசினியில் அவரைச் சேர்க்கவில்லையா?"

"கேட்டாரு. நம்ம லயத்து ஆளுங்கதான், அரிசி திருடுனவன்னு போயிச் சொல்லிட்டானுங்க. சேக்கல. கல்லு ஒடைக்க விட்டானுங்க." கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "குசினி ஆளுங்க முக்காவாசிப் பேரு பொழைச்சு வந்துட்டானுங்க."

என் கையில் இருந்த துணி முடிந்துவிட்டது. வேறு துணி எடுத்தேன்.

"நான்கூட ஒருநா கேட்டேன். ஏண்ணே, நெசமாவே எடுத்தியான்னு. 'அரை டாக்டரக் கேளு'ன்னாரு. கேலின்னு விட்டுட்டேன்." முனியன் நிமிர்ந்தான். "என்ன டாக்டரு அது?"

அவனுக்குப் பதில் சொன்னேன். உண்மையை முதலில் கேட்டவன் அவன்தான். பாதிக் கட்டோடு எழுந்து போய்விட்டான்.

இரண்டாவதாக அய்யாவின் மனைவி அஞ்சலை அக்காவிடம் போனேன். திருடன் பெண்டாட்டி என்று இந்த லயத்தில் தண்ணீர்க் குழாயடியில் அவரை எத்தனை முறை கூப்பிட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் நடையை வேகப்படுத்தினேன். வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும் எழுந்து உள்ளே போய், ஒரு பால் டின்னைக் கொண்டுவந்தார்.

உள்ளே அரிசி. உடைந்த அரிசி, பாதித் தூள். காய்ந்த வேப்பிலை. ஒரு கறுப்பு வண்டு.

"அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் அவுக துப்புன எலயிலேருந்து வழிச்சு எடுத்தது. நனையவே இல்லயே, அப்படியே இருந்துச்சு. இத்தன பசியிலயும் தொடல." என்னைப் பார்த்தார். "அவுக வந்தா மூஞ்சியில வீசலாம்னுதான் வச்சிருந்தேன். திருடித்தான் இருப்பாருன்னு நானும் நெனச்சேன் தம்பி. வாய்க்கரிசி போடலாம்னா, போட வாயில்ல."

இறந்தவரின் வாயில் கடைசியாகப் போடுகிற பச்சரிசி அவருக்குச் சயாமில் கிடைக்கவில்லை. கிடைக்காதது நல்லது. நாம் அவர் உயிரோடு இருக்கும்போதே பெரட்டுக்களத்தில் வைத்துப் போட்டுவிட்டோம். பிடி அரிசியை அளந்து கொடுத்தவர் கங்காணி. உத்தரவு கிராணியுடையது. மந்திரம் சொன்னவன் நான்.

அஞ்சலை அக்கா டின்னை நீட்டினார். "மெல்லுங்க டாக்டரே."

ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். மென்றேன். நிற்கச் சொன்னவர்கள் யாரும் இல்லை, சிப்பாய் இல்லை, துப்பாக்கி இல்லை. அவர் தன் உள்ளங்கையை என் முகவாய்க்குக் கீழே நீட்டினார். துப்பினேன். அவர் அதை வெளிச்சத்தில் பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். உலர்ந்த தூள்.

"எளுதுங்க," என்றார்.

எழுதிவிட்டேன். கிராணியார் கேட்ட அந்த ஒரு வரி இது: அய்யாவு அரிசி திருடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதை நானே வாசிப்பேன். முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து போகலாம்; அஞ்சலை அக்கா இருப்பார், முனியன் இருப்பான், எனக்கு அது போதும். மூட்டையை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. இப்போது யாரும் கேட்பதும் இல்லை.

கல்லூரி திறந்தால் சிங்கப்பூருக்குத் திரும்பி மீதி வருஷங்களை முடிப்பாயா என்று கேட்கிறார்கள். தெரியவில்லை. போனாலும் அய்யாவு வைத்த பெயர் கூடவே வரும். அவருடையது என்று என்னிடம் வேறு பொருள் இல்லை. அகப்பை புதுச் சமையல்காரரிடம் இருக்கிறது, பாட்டில் உடைந்துவிட்டது. அன்று அஞ்சலை அக்காவின் கையில் துப்பியபோது எல்லா அரிசியும் விழவில்லை. நாலைந்து குருணை நாக்கில் ஒட்டிக்கொண்டன. அய்யாவு மென்ற அரிசி. வீடு வரும்வரை அவை கரையவில்லை, விழுங்கவும் முடியவில்லை.